சாராயக் கடை வரைக்கும் பாண்டிச்சேரி

தொழில் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் விதிகளைப் பற்றிப் பேசப் போவதில்லை. விதிப் புத்தகம் உங்கள் மேசையில் இருக்கிறது. அதன் மேல் டீ கிளாஸை வைத்திருப்பீர்கள், நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஊர் கூடி உங்கள் சட்டையைப் பிடிக்கிற நேரத்தில் அந்தப் புத்தகம் கையில் இருக்காது. இருந்தாலும் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தெரியாது. எனக்கு அப்படி ஒரு காலை வந்தது, அதுவும் பாதி சவரம் செய்த முகத்தோடு வந்தது.

எழுபதுகளின் கடைசி. பாண்டிச்சேரியின் பாகூர் கொம்யூனில், அதாவது பஞ்சாயத்து வட்டாரத்தில், நான் தொழில் விரிவாக்க அலுவலர். பதவியின் பெயர் நீளமாக இருந்ததால் வாகனத்தைச் சின்னதாகக் கொடுத்தார்கள், சைக்கிள். பின்தங்கிய பகுதியில் தொழில் தொடங்கினால் அரசு மானியம் தரும் என்று அறிவித்திருந்த காலம் அது. அறிவித்ததுதான் தாமதம், பாகூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களெல்லாம் காரில் வந்து ஏரிக்கரையில் இறங்கி, இடுப்பில் கைவைத்து நின்று, "நல்ல இடம்" என்றார்கள்.

அப்படி வந்த சென்னை முதலாளி ஒருவர் எல்லையோரத்து ஊர் ஒன்றில் தவிட்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வைத்தார். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் என்னை எங்கே பார்த்தாலும் சிரிக்கிறார்கள், அது போதும்.

மாட்டுக்கு வைக்கிற தவிட்டில் எண்ணெய் எடுத்து மனிதனுக்கு ஊற்றப் போகிறார்கள் என்று ஊரே கேலி பேசியது. ஒரு வீட்டில்கூட அந்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கவில்லை. ஆனால் ஆலையில் நாற்பது பேருக்கு வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், காக்கிச் சட்டை, காலையில் சங்கு. நடவு, களையெடுப்பு என்று யார் கூப்பிட்டால் போவது என்றிருந்த ஊரில் சங்கு கூப்பிடுகிற வேலை பெரிய விஷயம். காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அவர்களில் பாவாடை என்று ஒருவர். சிரிக்காதீர்கள், அந்தப் பக்கம் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்தான் அது. ஆலை நிற்கும் இடத்தில் ஒரு காணி அவருடையது. அவருக்கு இருந்ததே அந்த ஒரு காணிதான். அடிமாட்டு விலைக்கு அதைக் கேட்ட முதலாளி, "நிலத்துக்குப் பதிலா உனக்கு ஆயுசுக்கும் வேலை" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். பாவாடை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டு, தன் நிலத்திலேயே பாய்லருக்கு உமி தள்ளுகிறவராகச் சேர்ந்தார்.

இரண்டு வருடம் கழித்து மானியம் முழுக்கக் கைக்கு வந்ததும் முதலாளிக்கு நஷ்டம் வந்துவிட்டது. ஒரு நாள் சங்கு ஊதவில்லை, கேட்டில் பூட்டுத் தொங்கியது. பாவாடைக்கு அன்றைக்கு நிலமும் இல்லை, வேலையும் இல்லை.

ஊருக்கு வந்த கோபத்தில் பாதி முதலாளி மேல், முழுசும் என் மேல். கணக்கு இடிக்கிறது என்று பார்க்காதீர்கள். முதலாளி சென்னையில் இருந்தார், நான் சைக்கிளில் கைக்கெட்டும் தூரத்தில் போய்வந்துகொண்டிருந்தேன். ஆலையில் டின் அடைக்கும் பகுதியில் வேலை செய்த அஞ்சலை என்ற பெண்மணி ஒரு நாள் என் ஹேண்டில் பாரைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்.

"இன்னா சார் இது. எங்க ஊரு பூசாரிக்குக் கோயில் நெலம் மானியம் இருக்குது, மேளக்காரருக்கும் நெலம் மானியம் இருக்குது. அத்த வாங்கித் துன்னுட்டு மேளத்தத் தூக்கிகினு ஓடனவன் எவனாவது இருக்கானா?"

அன்றிரவு விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதற்குப் பதில் இல்லை. ஆனால் வேறொன்று கிடைத்தது. மானியம் பெற்ற இயந்திரங்களைத் துறையின் அனுமதி இல்லாமல் பாண்டிச்சேரி எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. உள்ளே இருக்கும்வரை ஆணை போட்டு சீல் வைக்கலாம். எல்லை தாண்டிவிட்டால் கடிதம் போடலாம், அவ்வளவுதான். கடிதம் போட்டு வந்த பாய்லரை நான் பார்த்ததில்லை.

முதலாளிக்கும் இந்த விதி தெரிந்திருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் பின்தங்கிய பகுதி உண்டு, அங்கேயும் மானியம் உண்டு. இயந்திரம் அதேதான், மானியம் மட்டும் குட்டி போடும்.

ஒரு காலையில் நான் கண்ணாடி முன் நின்று வலது கன்னத்தை முடித்திருந்தேன். பாவாடை மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றார். அவர் வந்த சைக்கிள் தெருவில் கிடந்தது, நிறுத்தக்கூட இல்லை.

"சார், கம்பெனியத் தூக்கிகினு போறாங்க. பாய்லரு, பம்பு எல்லாம் லாரில ஏத்தியாச்சு. எல்லைகிட்ட நம்மாளுங்க மடக்கி வச்சிருக்காங்க. வா சார்."

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, போகிற வழியில் தபாலாபீசில் இறங்கி என் மேலதிகாரிக்குப் போன் போட்டேன். சீல் வைக்கும் ஆணை வேண்டும் என்றேன். அவர் யோசித்துச் சொன்னார்: "சட்டப்படி செய்யுங்க. ஆனா நீங்களா எதுவும் செஞ்சிடாதீங்க. டைரக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிச் சாயங்காலம் ஆளனுப்புறேன்." முப்பது வருடப் பணியில் இதைவிடத் தெளிவான உத்தரவு எனக்குக் கிடைத்ததில்லை. சாயங்காலம் வரை லாரி எல்லைக்குள் இருந்தால் பாவாடை பிழைத்தார்.

இங்கே எல்லையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் வரப்புக்கு இந்தப் புறம் பாண்டிச்சேரி, அந்தப் புறம் தமிழ்நாடு. மாடு ஒன்றில் மேய்ந்துவிட்டு இன்னொன்றில் சாணி போடும். பிரெஞ்சுக்காரன் காலத்து எல்லைக்கல் ஒன்று ரோட்டோரம் புதருக்குள் எங்கோ இருந்தது, அதை யாரும் பார்ப்பதில்லை. ஊருக்குத் தெரிந்த எல்லை வேறு. தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு, நம் பக்கம் சாராயக் கடை உண்டு. அக்கரைத் தாகத்துக்கு வசதியாகக் கடையை எல்லையின் கடைசி முனையில் வைத்திருந்தார்கள். எனவே கடை வரைக்கும் பாண்டிச்சேரி, கடை தாண்டினால் தமிழ்நாடு. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும்.

லாரியை அந்தக் கடைக்கு நேர் எதிரே மடக்கியிருந்தார்கள். குறுக்கே ஒரு மாட்டு வண்டி. அதன் முன்னால் அஞ்சலையும் பெண்களும் காலி எண்ணெய் டின்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பாகூர் பஸ் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. என்னைக் கண்டதும் கூட்டம் வாழ்த்தும் என்று நினைத்தேன்.

"வந்தாருப்பா மானியம் குடுத்த மகராசன்" என்றது ஒரு குரல்.

"பாதி மூஞ்சிக்குத்தான் சாங்ஷன் ஆச்சு போல" என்றது இன்னொன்று.

தோளைப் பிடித்து என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இந்த லாரிக்கு ஒரு முடிவு தெரிகிறவரை நீயும் போக முடியாது என்றார்கள். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அது சாராயக் கடை பெஞ்சு. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவன் நான். பஸ்ஸின் மூன்றாவது ஜன்னலில் என் மனைவியின் பெரியப்பா இருந்தார். காலை எட்டரை மணிக்கு, சவரம் பாதியில் நிற்க, சாராயக் கடை பெஞ்சில் அமர்ந்திருக்கும் மருமகனைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வணக்கம் வைத்தேன், அது இன்னும் மோசமாகிவிட்டது.

நான் எழுந்து, லாரியோடு வந்திருந்த ஆலை மேனேஜரிடம் போய் விதியைச் சொன்னேன். சஃபாரி சூட், கையில் குடை, பேச்சில் பதற்றமே இல்லாத மனிதர். அவர் லாரிக்குப் பின்னால் நடந்தார். பஸ்ஸையும் தாண்டிப் போய் ரோட்டோரப் புதரைக் குடையால் விலக்கினார். உள்ளே எல்லைக்கல்.

"பாத்தீங்களா? பாண்டிச்சேரி இங்கயே முடிஞ்சிடுச்சு. லாரி நிக்கிறது தமிழ்நாடு. உங்க ரூல் செல்லாது, உங்க ஆளுங்க ரோட்ட மறிக்கிறது வேற மாநிலத்துல. நான் அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஆளனுப்பி நேரமாச்சு."

நான் கடைக்கு ஓடி வந்தேன். கடைக்காரரைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"வெயிலு சார். ரெண்டு கோடைக்கு முன்ன கல்லுகிட்டதான் இருந்தோம். அப்புறம் பந்தல் நெழலுக்கு வந்தோம். போன கோடைக்கு இந்தப் புளியமரத்துக்கு வந்துட்டோம். ஜனங்களும் கூடவே வந்துட்டாங்க."

கடை நிழலைத் தேடி நகர்ந்திருக்கிறது, ஊரும் எல்லையைக் கூடவே நகர்த்திக்கொண்டு வந்திருக்கிறது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் லாரியைப் பிடிக்க நினைத்தவர்கள் அதை எல்லை தாண்டவிட்டுப் பிடித்திருந்தார்கள்.

கூட்டம் அடங்கிப்போனது. நம் பக்கத்துச் சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள் ஒருவர் அதுவரை லாரிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றிருந்தார். விஷயம் காதில் விழுந்ததும் ஒன்றும் நடக்காதது போல நடந்து போய்க் கல்லுக்குப் பாண்டிச்சேரிப் பக்கம் நின்றுகொண்டார். அங்கிருந்து, "ஏம்பா, அமைதியா இருங்க" என்று சத்தம் போட்டார்.

சற்று நேரத்தில் புல்லட் சத்தம் கேட்டது. தமிழ்நாட்டு சப்-இன்ஸ்பெக்டர். பெரிய மீசை, குறைந்த பொறுமை. மேனேஜர் கல்லைக் காட்டினார், வண்டியைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் லத்தியைத் தட்டினார்.

"எங்க லிமிட்ல வந்து மறியலா? அஞ்சு நிமிஷம் டைம். வண்டிய எடுக்கலன்னா எல்லாரையும் உள்ள வச்சிடுவேன்."

பெண்கள் எழுந்தார்கள். மாட்டுக்காரர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். அப்போது பாவாடை போய் லாரியின் முன்சக்கரத்துக்கு முன்னால் மல்லாந்து படுத்தார். இன்ஸ்பெக்டர் அதட்டியதற்கு அவர் கோபமாகக்கூடப் பதில் சொல்லவில்லை.

"என் நெலம் சார் அது. நெலத்த எடுத்துகினு இந்த மிசினக் குடுத்தாங்க. மிசினும் பூட்டா நான் இன்னாத்துக்கு எழுந்திருக்கணும்?"

சட்டம் மேனேஜர் பக்கம், கல் மேனேஜர் பக்கம், லத்தி மேனேஜர் பக்கம். என் பக்கம் படுத்துக் கிடக்கும் ஒரு மனிதர் மட்டும்தான். என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தேன். இவ்வளவு களேபரத்திலும் கடையில் வியாபாரம் நிற்கவில்லை. காலி கிளாஸ்கள் போயின, நிறைந்த கிளாஸ்கள் வந்தன. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இன்ஸ்பெக்டர் வந்ததிலிருந்து கடைப் பக்கம் திரும்பவே இல்லை. பழக்கதோஷம். தினம் அந்த வழியில் போகும்போது அது பாண்டிச்சேரிக் கடை, தனக்குச் சம்பந்தமில்லை என்று முகத்தைத் திருப்பிப் பழகியவர்.

நான் மிகப் பணிவாக அவரிடம் போனேன்.

"சார், நீங்க சொல்றது சரி. லாரி உங்க லிமிட்லதான் நிக்குது. ஜனங்கள நானே கலைச்சிடுறேன். ஆனா வெறுங்கையோட போனா எங்க ஆபீஸ்ல என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. இந்த இடம் தமிழ்நாடுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க."

"அதுக்கென்ன" என்று பேனாவை எடுத்தார். நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினார்.

"லாரி நிற்கும் இடம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது."

"ம்."

"எங்கன்னு ஒரு அடையாளம் வேணும் சார். சாராயக் கடைக்கு எதிரேன்னு போட்டா போதும்."

"சாராயக்..." வரை எழுதினார். பேனா நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பி, வாழ்நாளில் முதன்முறையாக அந்தக் கடையைப் பார்த்தார். கடையில் இருந்தவர்களும் கிளாஸைப் பிடித்தபடி அவரைப் பார்த்தார்கள். தன் லிமிட்டில் ஒரு சொட்டுச் சாராயம் கிடையாது என்று மாதாமாதம் மேலே எழுதியனுப்புகிற அதிகாரி அவர்.

"இந்தக் கடை எவ்வளவு நாளா இங்க இருக்கு?" என்றார் தாழ்ந்த குரலில்.

கடைக்காரர் பெருமையாக, "எப்பவும் இருக்குதுங்க. ஐயா புல்லட்டுல போறப்ப நான் கும்பிடுவேனே" என்றார்.

இன்ஸ்பெக்டர் தாளைக் கிழித்து நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது பாண்டிச்சேரிதான்" என்றார்.

மேனேஜருக்கு முதன்முறையாகப் பதற்றம் வந்தது. "சார், கல்லு அங்க இருக்கு சார்."

"கல்லு மழைல நகந்திருக்கும்யா. ஊரே கடை வரைக்கும் பாண்டிச்சேரின்னு சொல்லுது, நீ ஒருத்தன் வந்து கல்லப் பத்திப் பாடம் நடத்துறியா?"

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது கடை மூலையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஊரில் எல்லோரும் அவரை சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையைத் தவிர வேறெதுவும் பேசாதவர், குடித்திருந்தால் இன்னும் சத்தமாக உண்மை பேசுவார்.

"தப்பு. பிரெஞ்சுக்காரன் நட்ட கல்லு நகராது. இது தமிழ்நாடு. எவன் முன்னாலயும் சொல்லுவேன்."

கூட்டம் முழுக்க அவர் மேல் பாய்ந்தது. அஞ்சலை அவர் வாயைப் பொத்தினார். "யோவ் பெரிசு, பாவாட வயித்துல அடிக்காத. ஒக்காரு" என்று அதே மூலைக்கு இழுத்துப் போய் உட்கார வைத்தார். கடைக்காரர் ஓடிவந்து தன் செலவில் ஒரு கிளாஸ் கொடுத்தார். சொல்தா அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஆனாலும் இது தமிழ்நாடுதான்" என்று முனகினார். இன்ஸ்பெக்டருக்குக் காது கேட்கவில்லை. புல்லட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

கல்லருகே நின்ற நம் கான்ஸ்டபிள் இப்போது தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒரு மாநிலத்தைப் பிடித்த தளபதி மாதிரி நடந்து வந்தார்.

அந்த ரோட்டில் லாரியைத் திருப்ப இடமில்லை, இரண்டு பக்கமும் நடவு வயல். ஆலை வரைக்கும் ரிவர்ஸிலேயே போக வேண்டும். முதலில் பஸ் ரிவர்ஸில் போனது, பெரியப்பாவும் ரிவர்ஸில் போனார். பிறகு லாரி. ஊரே பின்னால் நின்று, "வா, வா, வா, ஒடி, ஒடி, நிறுத்து" என்று ஆளுக்கொரு திசையைக் காட்டியது. டிரைவர் பாவம் அழாக்குறையாக ஓட்டினார். இரண்டு முறை வயலுக்குள் இறங்கியது, இரண்டு முறையும் பாவாடை முதல் ஆளாகத் தோள் கொடுத்துத் தள்ளினார். சாயங்காலம் ஆணை வந்தது. இயந்திரங்களை இறக்கி உள்ளே வைத்து சீல் வைத்தோம்.

உங்களுக்கு இதில் ஒரு பாடம் வேண்டும் என்றால், எதிரில் நிற்பவர் ஜெயித்தால் அவருக்கே என்ன தலைவலி வரும் என்று பாருங்கள், அதை அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். ஆனால் நான் இதைச் சொல்ல வந்தது அதற்காக இல்லை.

கேட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் சிரித்தபடி கலைந்தார்கள். பாவாடை மட்டும் நின்றார்.

"சார், நாளைக்கி எத்தினி மணிக்கு வரணும்?"

இயந்திரம் உள்ளே இருக்கிறதே தவிர, அதை ஓட்ட முதலாளி இல்லை. சீல் வைத்த ஆலையில் யாருக்கு என்ன வேலை? உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை.

"எட்டு மணிக்கு வந்துடு" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

மறுநாள் எட்டு மணிக்கு பாவாடை வந்தார். அவரோடு அஞ்சலையும் மற்றவர்களும் காக்கிச் சட்டையில் வந்தார்கள். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றார்கள், மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். கோஷம் இல்லை, மறியல் இல்லை. கேட்டவர்களிடம், "ஆபீசரு வரச் சொன்னாரு" என்றார்கள். வாரக்கணக்கில் இது நடந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு யாரைக் கேட்டு வரச் சொன்னாய் என்று கத்தினார். நான் சட்டப்படி செய்தேன், நானாக எதுவும் செய்யவில்லை என்றேன். மறியல் என்றால் போலீஸைக் கூப்பிடலாம், வேலைக்கு வந்து நிற்கிறவர்களை என்ன செய்வது என்று டைரக்டருக்கும் தெரியவில்லை. கடைசியில் துறையே அலைந்து திரிந்து ஆலையை எடுத்து நடத்த வேறொருவரைப் பிடித்து வந்தது.

திறந்த அன்று நான் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சங்கு ஊதியது. பாவாடையைக் காணோம். கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வர நேரமாகி, திருநீறும் வியர்வையுமாகக் கடைசி ஆளாக ஓடிவந்தார். இந்தக் கதை எதுவும் தெரியாத புது மேனேஜர் கேட்டில் நிறுத்தி எல்லோர் எதிரிலும் அவரை வாங்கு வாங்கு என்று வாங்கினார். பாவாடை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போகாமல், ரோட்டைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"லேட்டுன்னு திட்டறாரு சார். அர நாள் சம்பளம் கட்டாம்."